உஷார்! யூதர் பெயரே இல்லாத யூதப் படுகொலைப் பாடம்

‘ஹிட்லர் யூதர்களைக் கொல்லவே இல்லை’ என்று ஒருவர் சொன்னால் உடனே பிடித்துவிடலாம். பழைய சோவியத் நாடுகளில் ஆபத்து அப்படி நேராக வராது. கொலை நடந்ததை ஒப்புக்கொள்வார்கள், மலர்வளையம் வைப்பார்கள். செத்தது யார், சுட்டவனுக்குத் துணைபோனது யார் என்பது மட்டும் நைசாகக் காணாமல் போகும். இந்த வரலாற்றைப் படிப்பவர்கள், பாடம் எடுப்பவர்கள் கவனம்!

கீவ் நகரின் பாபின் யார் பள்ளத்தாக்கில் 1941 செப்டம்பர் 29, 30 ஆகிய இரண்டே நாளில் 33,771 யூதர்களை நாஜிகள் சுட்டுக் கொன்றார்கள். கணக்கெழுதி பெர்லினுக்கு அனுப்பியது கொலைகாரப் படையேதான். அங்கே 1976-ல் சோவியத் அரசு எழுப்பிய சின்னத்திலோ வெறும் ‘கீவ் நகரக் குடிமக்கள், போர்க்கைதிகள்’!

அது பழைய கதை என்று விட்டுவிடாதீர்கள். ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில், ஸ்மியேவ்ஸ்கயா பால்கா பள்ளத்தில், 1942 ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான யூதர்கள் கொல்லப்பட்டார்கள். 2004-ல் வைத்த பலகை அதைச் சொன்னது. 2011-ல் அதை எடுத்துவிட்டு, ரோஸ்தோவின் ‘அமைதியான குடிமக்கள்’, போர்க்கைதிகள் என்று பொதுவாக எழுதி மாட்டினார்கள். சண்டை போட்டு, 2014-ல்தான் யூதர் பெயர் திரும்பியது.

பெலாரஸிலோ 2022 முதல் ‘பெலாரஸ் மக்களின் இனப்படுகொலை’ என்று ஒரு சட்டம், மறுத்தால் சிறை. யூதர்களை அடைத்துவைத்த மின்ஸ்க் கெட்டோவும் அந்த ஒரே தலைப்புக்குள் போய்விடுகிறது. யூதரல்லாத சோவியத் மக்களையும் நாஜிகள் லட்சக்கணக்கில் கொன்றது உண்மை. அந்த உண்மையைக் காட்டித்தான் யூதப் படுகொலையை மறைக்கிறார்கள்.

அடுத்த பொறி, தேசிய வீரர் பட்டியல். லிதுவேனியாவின் யோனாஸ் நொரெய்கா சோவியத் ஆட்சியை எதிர்த்ததற்காக 1947-ல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். நாஜி ஆக்கிரமிப்பில் சியாவ்லியாய் மாவட்டத் தலைவராக, யூதர்களை கெட்டோவில் அடைக்கும் உத்தரவில் கையெழுத்திட்டவரும் அவரே. 2019-ல் வில்னியுஸ் மேயர் அகற்றிய அவருடைய நினைவுப் பலகையை, அதே ஆண்டு ஆதரவாளர்கள் மறுபடி மாட்டிவிட்டார்கள்.

எனவே, பாடநூலோ ஆவணப்படமோ கையில் வந்தால் முதலில் சோதியுங்கள்:

• குழியில் கிடப்பவர்களை யூதர் என்று சொல்கிறதா?
• யூதராகப் பிறந்ததற்காகவே கொன்றார்கள் என்கிறதா?
• உள்ளூர் போலீசின் பங்கைச் சொல்கிறதா?
• ‘வீரர்’ 1941-ல் என்ன செய்துகொண்டிருந்தார் என்கிறதா?

ஒன்றுக்கு ‘இல்லை’ வந்தாலும் அதை மட்டும் நம்பிப் பாடம் எடுக்காதீர்கள். தப்பிப் பிழைத்தவர்களின் சாட்சியங்களைப் பக்கத்திலேயே வையுங்கள்.