பட்டாளத்துக்காரர் இறந்தால் அரசே கல் வைக்குமா?: ரிசர்வ் படை வீரர் குடும்பம் தெரிஞ்சுக்க வேண்டியது

உத்திரமேரூர்,

பட்டாளத்துல இருந்தவர் ஊரில் இறந்துட்டா, சமாதிக்கு அரசாங்கமே கல் வைச்சுத் தருமா?

அமெரிக்காவில் முன்னாள் வீரர்களுக்கு இலவசமாக கல் தருகிறார்கள். ரிசர்வ் படையில் இருந்தவருக்கும் ராணுவ பென்சன் தகுதி இருந்தால் கல் உண்டு. நம் நாட்டில், ஓய்வு பெற்று வீட்டில் இறப்பவருக்கு அப்படி ஒரு பொதுத் திட்டம் கிடையாது.

நந்தம்பாக்கம் கற்கள்

‘சென்னை நந்தம்பாக்கத்தில் வரிசையா கல் நிக்குதே?’ என்று கேட்கலாம். அது 1952-ல் அமைத்த போர்க் கல்லறை. 2-ம் உலகப்போரில் இறந்த 850-க்கும் அதிகமானோர் அங்கு அடக்கம் செய்யப்பட்டு உள்ளனர். அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவு கல்தான். பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையத்துக்கு பணம் தரும் 6 நாடுகளில் இந்தியாவும் ஒன்று. ஆனால் அந்த ஆணையத்தின் கல் 2 உலகப்போர் கால வீரர்களுக்கு மட்டுமே.

சுதந்திரத்துக்குப் பிறகு போரிலும் ராணுவ நடவடிக்கையிலும் உயிரிழந்த 25 ஆயிரத்துக்கும் அதிகமான வீரர்களின் பெயர்கள், 2019-ல் டெல்லியில் திறந்த தேசிய போர் நினைவிடத்தில் கருங்கல்லில் பொறிக்கப்பட்டு உள்ளன.

யாருக்கு சலுகை?

நம்ம ஊர் ரிசர்வ் படை மாதிரி இருப்பது 1949-ல் தொடங்கிய பிரதேச ராணுவம் (டெரிட்டோரியல் ஆர்மி). சொந்த வேலை பார்த்துக்கிட்டே பயிற்சிக்குப் போகலாம். ஆனால் இதில் இருந்த எல்லோரும் ‘முன்னாள் படைவீரர்’ ஆகிவிட முடியாது. பென்சன் வாங்குபவர், ராணுவப் பணியால் ஊனமுற்றவர், வீர விருது பெற்றவர் ஆகியோருக்கே அந்த அந்தஸ்து. சிப்பாய்க்கு பென்சன் வர, படை அழைத்து முழுநேரமாக பணியாற்றிய காலம் மட்டும் 15 ஆண்டு சேர வேண்டும்.

பெயரைப் பாருங்க

கல்லை குடும்பமே வைச்சுக்கலாம். பேப்பர் சரியில்லைன்னா மனைவிக்கு வர வேண்டிய குடும்ப பென்சன் இழுத்தடிக்கும். டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் பென்சன் ஆணையிலும் மனைவி பெயர் இருக்கா, ஆதாரில் உள்ளபடியே இருக்கா என்று அவர் உயிரோடு இருக்கும்போதே பார்த்துடுங்க. எழுத்து மாறி இருந்தால் அவரை வைத்தே திருத்துவது சுலபம்.

இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புத்தகம், பென்சன் ஆணை, ஆதார், பேங்க் பாஸ்புக் எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தை அணுகலாம்.