இரண்டாவது கன்றையும் தாய் ஏற்கச் செய்வோம்

பசு ஒன்று இரட்டைக் கன்று ஈன்றுவிட்டால் ஊரே திரண்டு வந்து பார்க்கும். நூறு ஈற்றில் ஒன்றிரண்டுதான் இரட்டையாக அமையும். எமது நாட்டு மாடுகளில் அதுவும் அரிது. ஆனால் பார்க்க வந்தவர்கள் வீடு திரும்பிய பின்னர்தான் வீட்டுக்காரரின் கவலை தொடங்குகிறது. தாய் ஒரு கன்றை நக்கிப் பால் கொடுக்கும். மற்றதைத் தலையால் தள்ளும், காலால் உதைக்கும்.

“சுவாமி, மற்றக் கண்டைக் கிட்டவும் எடுக்குதில்லை. ஆருக்கும் குடுத்துவிடட்டோ?” என்று மீள்குடியேறிய தாய் ஒருவர் எம்மிடம் கேட்டார். 1995இல் வலிகாமத்தைவிட்டும், 2009வரை வன்னியில் ஊர் ஊராகவும் இடம்பெயர்ந்த குடும்பங்கள் பல, மாடுகளைக் கட்டையிலிருந்து அவிழ்த்துவிட்டு வெறுங்கையுடன் நடந்தவை. ஒரு பசுவோடு வாழ்வை மீண்டும் தொடங்கும் வீட்டுக்கு இரண்டாவது கன்று சிறிய சொத்தல்ல. அதைக் கைவிடுமுன் செய்யக்கூடியவை பல உண்டு.

தாய் ஏன் தள்ளுகிறது?

ஏசா, யாக்கோபு என்னும் இரட்டையரில் ரெபேக்கா இளையவன்மேல் அதிக அன்பு வைத்தாள் எனத் தொடக்கநூல் கூறுகிறது. பசுவின் நிலை அதுவன்று. பசு தன் கன்றை முதலில் அறிவது மணத்தினால். ஈன்ற உடனே ஈர உடலை நக்கும்போது அந்த மணம் அதற்குப் பதிகிறது. முதற்கன்றை நக்கிக்கொண்டிருக்கையில் இரண்டாவது வேறிடத்தில் விழுந்து, உலர்ந்து, ஆறிப்போனால் தாய்க்கு அது அந்நியக் கன்றுதான். சிலவேளை இரண்டாவதை ஈனத் தாய் விலகிச் செல்ல, முதற்கன்றே தனித்துப்போவதும் உண்டு. ஆகவே முதற்சில மணித்தியாலங்களே முக்கியமானவை.

உடனே செய்ய வேண்டியவை

இரண்டு கன்றுகளின் மூக்கிலும் வாயிலும் உள்ள சளியைத் துடைத்துவிட்டு, இரண்டையும் தாயின் முகத்துக்கு முன்னே பக்கத்தில் பக்கத்தில் கிடத்துங்கள். உடம்பைச் சாக்கினால் துடைக்க வேண்டாம். அந்த ஈரம் தாய் நக்குவதற்கானது. தொப்புள்கொடிக்கு அயடீன் பூசுங்கள். வேடிக்கை பார்ப்போரையும் நாய், காகங்களையும் தூரத்தில் வையுங்கள். களைத்த தாய்க்குத் தண்ணீரும் தவிடும் கொடுங்கள்.

தாய் ஒன்றை நக்க மறுத்தால், ஏற்றுக்கொண்ட கன்றின் உடல் ஈரத்தை மற்றதன் முதுகிலும் தலையிலும் வாற்புறத்திலும் தடவுங்கள். இளங்கொடி விழுந்திருந்தால், அதை உமலில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுமுன் அதன் நீரையும் பூசலாம். வெறுங்கையால் தொடாமல் பொலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொள்ளுங்கள். பின்னர் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். மாட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் நோய்கள் அதில் இருக்கக்கூடும். முதுகில் சிறிது உப்புத்தண்ணீர் தெளித்துத் தவிடு தூவினால், அதை நக்க வரும் தாய் கன்றையும் நக்கப் பழகும்.

கடும்புப் பால் தவறக்கூடாது

கன்று தாயின் வயிற்றில் இருக்கையில் நோயெதிர்ப்புச் சக்தி அதற்குச் செல்வதில்லை. கடும்புப் பால் மூலமே கிடைக்கிறது. ஒரு நாள் கடந்தால் கன்றின் குடல் அதை உறிஞ்சாது. தாய் ஏற்கும்வரை காத்திராமல், முதல் 6 மணித்தியாலத்துக்குள் பாலைக் கறந்து போத்தலில் ஊட்டுங்கள். கன்றின் நிறையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குத் தேவை. 15 கிலோ கன்றுக்கு ஒன்றரை லீற்றர். இதை மூன்று நான்கு முறையாகக் கொடுங்கள். கன்றின் தலையை அதிகம் உயர்த்தினால் பால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

நான்கு நாள் பொறுமை

பனைமட்டையால் சிறு அடைப்பு ஒன்று அமைத்து, தறப்பாளால் நிழலிட்டு, மூவரையும் அதில் வையுங்கள். தள்ளப்பட்ட கன்றைத் தாய் காணவும் மணக்கவும் கூடிய தூரத்தில், ஆனால் கொம்பு எட்டாதபடி தடுத்து வையுங்கள். நாளுக்கு நான்கு முறை தாயைக் கட்டி, முன்னால் தீனி வைத்து, உதைத்தால் பின்கால்களுக்கு அணைகயிறு போட்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் ஊட்டவிடுங்கள். பழகிய கன்று ஒரு பக்கம் ஊட்டும்போது தாய் பாலைச் சுரக்கும். மற்றது மறுபக்கம் குடிக்கும். தாயின் பாலைக் குடிக்கக் குடிக்கக் கன்றின் மணமும் தாய்க்குப் பழகிவிடும். பசுவை அடிக்கவே கூடாது. அடியையும் கன்றையும் அது சேர்த்தே நினைவில் வைக்கும்.

இரண்டு கன்றையுமே உதைத்தால் மடியைப் பாருங்கள். மடி சூடாக, கல்லாக இருந்தாலோ முலைக்காம்பு வெடித்திருந்தாலோ, அது நோவினால் உதைக்கிறது. இரட்டை ஈன்ற பசுவுக்கு இளங்கொடி தங்கிவிடுவதும் அதிகம். 12 மணித்தியாலத்துக்குள் விழாவிட்டால் இழுக்காதீர்கள். இவ்விரண்டுக்கும் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுங்கள்.

பால் கணக்கு

ஏற்றுக்கொண்டாலும் இரண்டு கன்றுக்கும் நாளொன்றுக்கு மூன்று லீற்றர் பால் வேண்டும். நாட்டுப் பசு இரண்டு லீற்றர் கொடுப்பதே பெரிது. ஆகவே முதல் இரண்டு மாதம் விற்பனைக்குப் பால் இல்லையென்றே எண்ணிக்கொள்ளுங்கள். குறையை அயல்வீட்டுப் பசுவின் அல்லது ஆட்டின் பாலால் நிரப்பலாம். மெலிந்த கன்றை முதலில் ஊட்டவிடுங்கள். தாய்க்கு வைக்கோலோடு கிளிசரிடியா, இப்பில் இப்பில் குழை, கிழித்த பனையோலை, புண்ணாக்கு ஆகியவற்றைக் கொடுத்து, தண்ணீரை எப்போதும் முன்னால் வையுங்கள். இரண்டாம் கிழமையிலிருந்து கன்றுகளுக்கு இளம்புல்லும் சிறிது தவிடும் காட்டுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இரட்டையில் ஒன்று நாம்பனும் மற்றது நாகுமாக இருந்தால், வயிற்றில் இரண்டின் இரத்தமும் கலப்பதனால், அந்த நாகு பத்தில் ஒன்பது தடவை மலடாகவே இருக்கும். அதை நம்பி எதிர்காலப் பாலைக் கணக்கிட வேண்டாம். உண்மையை மறைத்து மற்றொரு ஏழைக்கு விற்கவும் வேண்டாம். நாம்பனுக்குக் குறையில்லை. இரண்டும் நாகானாலும் குறையில்லை.

எல்லாம் செய்தும் நான்கைந்து நாளில் தாய் இணங்காவிட்டால், போத்தலில் ஊட்டி வளர்க்கலாம். வீட்டுப் பிள்ளைகளே அதைச் செய்வார்கள். அக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பசுவின் ஒரு போத்தல் பால் பெரிய உதவி. அதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கேட்பவருக்கு இல்லையென்று சொல்லாதீர்கள். அடுத்த ஈற்றில் தேவை உங்கள் கொட்டிலில் இருக்கலாம்.