‘குடிக்கத் தண்ணீர் இல்லை!’ - ஒரு பொய்த் தகவலும், உலகப் போர் திசைமாறிய 8 மாதங்களும்

1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அன்று காலை கொழும்புத் துறைமுகத்தின் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. நான்கு நாள்கள் கழித்து திருகோணமலை. மட்டக்களப்புக்கு அப்பால், ‘ஹெர்மிஸ்’ என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலும் மூழ்கடிக்கப்பட்டது. அடுத்த குறி சென்னைதான் என்று பேச்சு கிளம்ப, மக்கள் கிடைத்த ரயிலில் ஏறி ஊரைக் காலி செய்தார்கள். குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று, மிருகக்காட்சி சாலையில் இருந்த கொடிய விலங்குகளைச் சுட்டே கொன்றார்கள்.

அந்த பயம் வீண் பயமல்ல. பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்திருந்தது, மார்ச்சில் ரங்கூன். ஐரோப்பாவின் பெரும்பகுதி ஹிட்லரின் கையில். வட ஆப்பிரிக்காவில் ரோமல் எகிப்தின் பக்கம் கண் வைத்திருந்தார். அன்றைக்கு உலக வரைபடத்தைப் பார்த்த யாரும் நேச நாடுகள் ஜெயிக்கும் என்று பந்தயம் கட்டியிருக்க மாட்டார்கள். ஆனால், அந்த ஜூன் தொடங்கி அடுத்த பிப்ரவரிக்குள் மூன்று முனைகளிலும் காற்று திசைமாறியது.

அடித்தளத்தில் இருந்த மனிதர்

ஹவாய் தீவின் பேர்ல் ஹார்பரில், ஜன்னலில்லாத ஓர் அடித்தள அறையில் ஜோசப் ரோஷ்ஃபோர்ட் என்ற கடற்படை அதிகாரியின் குழு, ஜப்பானியக் கடற்படையின் சங்கேத மொழியை உடைத்துக்கொண்டிருந்தது. முழுவதுமாக அல்ல... இங்கே ஒரு சொல், அங்கே ஒரு சொல். பெரிய தாக்குதல் வருகிறது என்று புரிந்தது. இலக்கின் பெயர் ‘ஏ.எஃப்’ என்றும் தெரிந்தது. ஏ.எஃப் என்றால் எந்த இடம்?

பசிபிக்கின் நடுவே இருக்கும் மிட்வே தீவுதான் என்றார் ரோஷ்ஃபோர்ட். வாஷிங்டன் நம்பவில்லை. உடனே ஒரு தந்திரம் செய்தார்கள். ‘குடிநீர் சுத்திகரிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது’ என்று சங்கேதம் எதுவும் இல்லாமல் ரேடியோவில் செய்தி அனுப்பச் சொல்லி, மிட்வேக்குக் கடலடிக் கேபிள் வழியாக ரகசிய உத்தரவு போனது. மிட்வேயும் அப்படியே அனுப்பியது. சீக்கிரமே ஜப்பானிய ரேடியோவில் ஒரு தகவல் சிக்கியது: ஏ.எஃப்-பில் தண்ணீர்த் தட்டுப்பாடு! தூண்டிலில் மீன் மாட்டிவிட்டது.

அமெரிக்கத் தளபதி நிமிட்ஸிடம் இருந்தவை மூன்று விமானந்தாங்கிக் கப்பல்கள். அதில் ‘யார்க்டவுன்’ முந்தைய சண்டையில் குண்டடிபட்டு வந்திருந்தது. சரிசெய்ய 90 நாள்கள் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். நிமிட்ஸ் கொடுத்தது மூன்று நாள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இரவு பகலாக வேலை பார்த்து அதைக் கடலுக்கு அனுப்பினார்கள்.

ஜூன் 4 காலை. முதலில் போன அமெரிக்க டார்பிடோ விமானங்கள் கொத்துக்கொத்தாகச் சுட்டு வீழ்த்தப்பட்டன. ‘ஹார்னெட்’ கப்பலிலிருந்து கிளம்பிய ஒரு படைப்பிரிவின் 15 விமானங்களில் ஒன்றுகூட திரும்பவில்லை. அவற்றில் சென்ற 30 பேரில் பிழைத்தவர் ஒரே ஒருவர். இன்னொரு பக்கம், மெக்லஸ்கி என்பவர் தலைமையிலான குண்டுவீச்சு விமானங்கள் எதிரியைக் காணாமல் வெறும் கடலைச் சுற்றிக்கொண்டிருந்தன. பெட்ரோல் குறைந்துகொண்டே வந்தது. அப்போது, தனியாக வேகமாகப் போய்க்கொண்டிருந்த ‘அராஷி’ என்ற ஜப்பானியக் கப்பல் கண்ணில் பட்டது. தன் படையோடு சேரத்தான் இது ஓடுகிறது என்று யூகித்து, அது போகும் திசையிலேயே போனார் மெக்லஸ்கி. யூகம் பலித்தது.

காலை 10.20-ஐத் தாண்டிய சில நிமிடங்களில் அகாகி, காகா, சோர்யு ஆகிய மூன்று ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் பற்றி எரிந்தன. நான்காவதான ஹிர்யு மாலையில் தாக்கப்பட்டது. நான்குமே பேர்ல் ஹார்பரைத் தாக்கியவை. காகா தவிர மற்ற மூன்றும், இரண்டு மாதங்களுக்கு முன் கொழும்புக்கு வந்தவை!

இதை ‘அதிர்ஷ்டம்’ என்று எழுதுபவர்கள் உண்டு. மெக்லஸ்கிக்கு அதிர்ஷ்டம் இருந்தது உண்மைதான். ஆனால், அந்தக் கடலில் அந்த நேரத்தில் அவர் இருந்ததற்குக் காரணம் அடித்தள அறை. ரோஷ்ஃபோர்ட்டுக்கோ அதே ஆண்டு அக்டோபரில் இடமாற்றம்தான் கிடைத்தது. பரிந்துரைக்கப்பட்ட பதக்கம் 1986-ல்தான் வந்தது. அவர் இறந்து அப்போது பத்து வருடங்கள் ஆகியிருந்தன.

பாலைவனமும் பனியும்

அடுத்தது எகிப்தின் எல் அலமைன். ரோமலுக்கு முக்கியமான பிரச்னை பெட்ரோல். அதைக் கொண்டுவந்த கப்பல்கள் மத்தியத் தரைக்கடலில் தொடர்ந்து மூழ்கடிக்கப்பட்டன. அக்டோபர் 23 இரவு பிரிட்டிஷ் பீரங்கிகள் முழங்கியபோது, அவரே ஜெர்மனியில் சிகிச்சையில் இருந்தார். 12 நாள்களில் முடிந்த அந்தச் சண்டையில் மாண்ட்கோமரியின் படையில் இந்தியாவின் 4-வது டிவிஷனும் இருந்தது. நவம்பர் 8-ல் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகள் மொராக்கோ, அல்ஜீரியா கரைகளில் இறங்கின. பதறிய ஹிட்லர், துனீசியாவுக்குச் சரக்கு விமானங்களில் ஆட்களை அனுப்பினார்.

அந்த விமானங்கள் எங்கே தேவைப்பட்டன தெரியுமா? அடுத்த சில நாள்களில், ஸ்டாலின்கிராடில்.

காகசஸ் எண்ணெய் வயல்களுக்காகக் கிளம்பிய ஜெர்மானியப் படையை ஹிட்லர் பாதி வழியில் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதி எண்ணெயைத் தேடித் தெற்கே போக, 6-வது ராணுவம் வோல்கா கரையில் இருந்த ஸ்டாலின்கிராடுக்குள் நுழைந்தது. குண்டுவீச்சில் நகரம் இடிந்து கிடந்தது. அந்த இடிபாடே சோவியத் வீரர்களுக்கு அரணானது. எதிரியை முடிந்தவரை ஒட்டியே நில்லுங்கள் என்பது தளபதி சூய்கோவின் உத்தி. இருவரும் அவ்வளவு நெருங்கி நின்றால், சொந்த ஆட்கள் மேலேயே விழும் என்று ஜெர்மன் விமானங்கள் குண்டு போடத் தயங்கும் அல்லவா?

நகரத்துக்குள் வீடு வீடாகச் சண்டை நடந்துகொண்டிருக்க, சோவியத் தளபதிகள் வெளியே பெரும் படையைச் சேர்த்தார்கள். குறி, ஜெர்மானியர்கள் அல்ல. இரு பக்கமும் காவலுக்கு நின்ற, போதிய ஆயுதமில்லாத ருமேனியப் படைகள். நவம்பர் 19-ல் தாக்குதல் தொடங்கி, நான்கே நாள்களில் வளையம் மூடியது. உள்ளே 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

விமானத்தில் சோறு போட்டுக் காப்பாற்றுவேன் என்றார் கோரிங். ஒரு நாளைக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். போய்ச் சேர்ந்தது சராசரியாக 100 டன்னைச் சுற்றியே. வீரர்கள் குதிரைகளை வெட்டித் தின்றார்கள்.

ஜனவரி 30-ம் தேதி, 6-வது ராணுவத்தின் தளபதி பவுலஸை ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தினார் ஹிட்லர். எந்த ஜெர்மன் ஃபீல்டு மார்ஷலும் அதுவரை சரணடைந்ததில்லை. ‘தற்கொலை செய்துகொள்’ என்பதே அந்தப் பதவி உயர்வின் அர்த்தம். பவுலஸ் மறுநாளே சரணடைந்தார். பிப்ரவரி 2-ல் சண்டை ஓய்ந்தது.

சிறைபிடிக்கப்பட்டவர்கள் சுமார் 91,000 பேர். பசியும் டைஃபஸ் காய்ச்சலும் முதல் சில மாதங்களிலேயே பெரும்பாலானவர்களைக் கொன்றன. உயிரோடு ஊர் திரும்பியவர்கள் ஏறத்தாழ 6,000 பேர். அவர்களில் கடைசிக் குழு ஜெர்மனிக்கு வந்து சேர்ந்தபோது வருடம் 1955.