களிமண் முகத்தில் விரிசல் விழுவதேன்?

பத்மநாபபுரத்துச் சரஸ்வதி, குமாரகோயில் முருகன், சுசீந்திரம் முன்னுதித்த நங்கை ஆகிய திருவுருவங்கள் ஆண்டுதோறும் நவராத்திரிக்குத் திருவனந்தபுரம் செல்கின்றன. களியக்காவிளையைக் கடந்து, பாறசாலை வழியாக நெய்யாற்றின்கரையை அடைவது அவ்வூர்வலத்தின் பாதை. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை மாறிய பின்னரும் இவ்வழக்கம் நின்றுவிடவில்லை. அந்நாட்களிலேயே இல்லங்களில் கொலு வைக்கப்படுகிறது. கொலுப் பொம்மைகளுக்குப் பண்ருட்டியும், மதுரையை அடுத்த விளாச்சேரியும் பெயர்பெற்றவை. ஆயினும் தம் ஊர்க் களிமண்ணில் ஒரு முகமேனும் சமைத்துப் பார்க்க விழையும் மாணவர் உண்டு. அவர்கள் செய்யும் முதல் முகம், உலரும்போதே பெரும்பாலும் மூக்கோரத்தில் பிளந்துவிடுகிறது. இதற்குக் கைத்திறன் குறைவு காரணமன்று, நீரே காரணம்.

களிமண்ணின் துகள்கள் மெல்லிய தகடுகள் போன்றவை. பெரும்பாலானவற்றின் அளவு ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு பங்கினும் குறைவு. தகடுகளுக்கிடையே நிற்கும் நீர்ப்படலமே மண்ணை விரலுக்கு இசையச் செய்கிறது. அந்நீர் ஆவியாகும்போது தகடுகள் நெருங்குகின்றன, மண் சுருங்குகிறது. நூற்றுக்கு எட்டு வீதம் சுருங்கும் மண்ணில் 10 சென்டிமீட்டர் நீளமாகச் செய்த முகம், உலர்ந்தபின் 9.2 சென்டிமீட்டரே இருக்கும். முகம் முழுவதும் ஒரே வேகத்தில் சுருங்கினால் தீங்கில்லை. ஆனால் துருத்தி நிற்கும் மூக்கு விரைவில் உலர்கிறது. தடித்த கன்னமோ ஈரமாகவே இருக்கிறது. இரண்டும் கூடுமிடத்தில் இழுவிசை மிகுந்து விரிசல் தோன்றுகிறது.

மண்ணின் வகையும் கவனிக்கத்தக்கது. செம்புறை மண் நிலங்களில் மிகுந்து காணப்படும் கயோலினைட் குறைவாகவே சுருங்கும். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலுள்ள மான்ட்மோரில்லோனைட்டோ நீரை மிகுதியாக ஏற்று, உலர்கையில் வெகுவாகச் சுருங்கும். சலித்த நுண்மணல் சேர்த்தால் சுருக்கம் குறையும். மிகுதியாகச் சேர்த்தால் மண் விரலுக்குப் படியாது.

தலையை உள்ளே குடைந்து, சுவரின் கனம் எங்கும் ஏறத்தாழச் சமமாக இருக்கச் செய்தல் வேண்டும். மூக்கையும் காதையும் தனியே செய்து ஒட்டுவதாயின், இருபுறமும் கீறி, களிக்குழம்பு தடவி, ஈரம் ஒத்திருக்கையிலேயே சேர்க்க வேண்டும். காய்ந்த முகத்தில் ஈர மூக்கை ஒட்டினால் அது உதிர்வது உறுதி. பின்னர் மூக்கின்மீது நனைத்துப் பிழிந்த துணியிட்டு, நிழலில் உலர்த்தலாம். மழைக்கால ஈரக்காற்றைப் பலர் குறை கூறுவர். மெல்ல உலர்வதால் முகத்திற்கு அது நன்மையே.

சூளையில் வைக்குமுன் மண் முற்றிலும் உலர்ந்திருக்க வேண்டும். எஞ்சிய ஈரம் 100 டிகிரி சென்டிகிரேடை ஒட்டி நீராவியாகி முகத்தை வெடிக்கச் செய்யும். குடைந்த தலையில் துளையில்லாவிட்டால் உள்ளே அடைபட்ட காற்றும் நீராவியும் வெளியேற வழியின்றி அழுத்தம் மிகும். ஏறத்தாழ 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணோடு பிணைந்த நீரும் நீங்குகிறது. அதன்பின் அம்முகம் நீரில் கரைந்து மீண்டும் சேறாவதில்லை.

ஆசிரியர்கள் பள்ளியிலேயே ஓர் எளிய சோதனை செய்யலாம். பிசைந்த மண்ணைப் பட்டையாக்கி, 10 சென்டிமீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் கீறி, உலர்ந்தபின் அளக்க வேண்டும். குறைந்த ஒவ்வொரு மில்லிமீட்டரும் நூற்றுக்கு ஒரு வீதம். மணல் சேர்த்த மண்ணையும் சேர்க்காத மண்ணையும் இவ்வாறே அளந்து ஒப்பிட்ட பிறகு முகத்தைத் தொடங்கலாம்.