வயல்மேல் மருந்து தூவும் விமானிகள்

1921-ம் வருஷம் ஆகஸ்டு 3-ந் தேதி, அமெரிக்காவில் ஒஹையோ மாகாணத்து டிராய் நகரருகே, லெப்டினென்ட் ஜான் மக்ரெடி என்பவர் விமானத்திலிருந்து ஈய ஆர்ஸனேட் தூளைத் தூவி, கட்டால்பா மரத்தோப்பை அரித்த புழுக்களைக் கொன்றார். இதிலிருந்து வளர்ந்த உத்தியோகத்துக்கு அந்நாட்டில் கலாசாலைப் பட்டம் சட்டப்படி அவசியமன்று. வர்த்தக விமானி லைசென்சே வேண்டும். சாதாரணமாய் அதற்கு 250 மணி நேரம் பறந்திருத்தல் அவசியம். அம்மட்டோ? விஷ மருந்தைக் கையாளும் முறை, விஷம் ஏறியோரிடம் காணும் குறிகள், உடனே செய்யத்தக்க சிகிச்சை ஆகியவற்றை அறிந்திருத்தல் வேண்டும். குறுகிய தளத்தினின்று கிளம்புதல், பயிரையொட்டித் தாழப் பறந்து வயலெல்லையில் மேலெழும்பித் திரும்புதல் முதலியவற்றையும் செய்து காட்டல் வேண்டும். பட்டதாரிகளுங்கூட முதலில் தரையில் நின்று மருந்து கலந்து ஏற்றும் வேலையில் அமர்வதுண்டு. அதனை இழிவென எண்ணலாகாது. களைக்கொல்லி இன்னதென்றும் காற்று எப்பக்கம் வீசுகிறதென்றும் அறியாது தெளித்தால், அடுத்த வயற்காரனுடைய பயிரன்றோ கருகும்!