ஒபாமாவுக்குப் பரிசாகப் போன போலந்து கதை... கொல்லிமலையிலும் ஒன்று காத்திருக்கிறது!

2011 மே மாதம் அமெரிக்க அதிபர் ஒபாமா போலந்து நாட்டுக்குப் போயிருந்தார். அந்நாட்டுப் பிரதமர் டொனால்ட் டஸ்க் அவருக்குக் கொடுத்த பரிசுகளில் ஒரு வீடியோ கேமும் இருந்தது. ‘தி விட்சர் 2: அசாசின்ஸ் ஆஃப் கிங்ஸ்.’ 2007-ல் வெளியான முதல் பாகத்தின் தொடர்ச்சி. ‘இது எங்க ஊர் சரக்கு’ என்று ஒரு பிரதமரே பெருமையாக நீட்டும் அளவுக்கு அதில் என்ன இருக்கிறது?

கூலிக்குப் பேய், பூதங்களை வேட்டையாடுபவன் கெரால்ட். பழைய நினைவுகள் பாதி அழிந்துபோனவன். டெமேரியா நாட்டு மன்னன் ஃபோல்டெஸ்ட்டுக்குக் காவலாக நிற்கும்போது, துறவி வேடத்தில் வந்த ஒருவன் மன்னனைக் கொன்றுவிட்டுத் தப்புகிறான். பிணத்தின் அருகே நின்ற கெரால்ட்மீது பழி விழுகிறது. சிறையில் அவன் சொல்வதை நம்புகிறவர், மன்னனின் தளபதி வெர்னன் ரோஷ் மட்டுமே. உண்மைக் கொலையாளியைத் தேடி இருவரும் கிளம்புகிறார்கள்.

காட்டுக்கு நடுவே, ஆற்றங்கரையில் ஃப்ளாட்ஸம் என்றொரு சிற்றூர். ஊருக்குள் மனிதர்கள், காட்டுக்குள் தங்கள் உரிமைக்காக ஆயுதம் தூக்கிய எல்ஃப் இனத்தார். அவர்களின் தலைவன் அயோர்வெத். முதல் அத்தியாயம் முடியும் இடத்தில் ஆடுபவரிடம் கேள்வி வருகிறது: ரோஷ் பக்கமா, அயோர்வெத் பக்கமா?

இங்கேதான் விஷயமே! ரோஷைத் தேர்ந்தெடுத்தால் அடுத்த அத்தியாயம் முற்றுகையிடும் படையின் பாசறையில் நடக்கும். அயோர்வெத் என்றால் முற்றுகைக்கு ஆளான வெர்ஜென் நகரத்துக்குள். போர் ஒன்றுதான். ஆனால், எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கத்து நியாயம்தான் நம் காதில் விழும். மறுபக்கம் தெரிய வேண்டுமென்றால் இன்னொரு முறை ஆட வேண்டும்.

இந்த உலகம் போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கியின் புத்தகங்களில் பிறந்தது. கேம் ஓடாது என்று நினைத்து, உரிமையை மொத்தமாக ஒரு சிறு தொகைக்குக் கொடுத்துவிட்டார் அவர். கேம் உலகப் புகழ் பெற்ற பிறகு, 2018-ல் கூடுதல் பணம் கேட்டார். 2019-ல் புது ஒப்பந்தம் போடப்பட்டது. தன் கதையின் மதிப்பு அவருக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

நமக்கு எப்போது தெரியும்? நாமக்கல் சமவெளியிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். சிரித்து மயக்கியே எதிரிகளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் கதை இந்த மலையுடையது. ஒரே அம்பில் பல விலங்குகளை வீழ்த்திய வல்வில் ஓரி இதன் தலைவன். அவனைப் போரில் கொன்று மலையைச் சேரனுக்குக் கொடுத்தவன் மலையமான் திருமுடிக்காரி. இதில் யார் வில்லன்? சொல்வது கஷ்டம். கடையெழு வள்ளல்கள் பட்டியலில் ஓரியும் இருக்கிறான், காரியும் இருக்கிறான்!

ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் ஓரிக்கு அரசு விழா நடக்கிறது. வண்டி வண்டியாகக் கூட்டம் மலையேறுகிறது. ஓரியின் பக்கமும் காரியின் பக்கமும் நின்று ஆடிப் பார்க்கும் ஒரு கேம் வந்தால், அந்தக் கூட்டத்தில் இருக்கும் பிள்ளைகள் ஆடி முடித்துவிட்டுக் கேட்பார்கள்: “அப்பா, நீங்க யார் பக்கம்?”

பெற்றோர் கவனத்துக்கு: ‘தி விட்சர் 2’ பெரியவர்களுக்கான கேம். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு வேண்டாம்.