வெண்ணெய் இல்லாத பீச் பட்டர்

பேருல பட்டர் இருக்கு. ஆனா ஒரு துளி வெண்ணெய்கூட கிடையாது. பிரெட்டில் வெண்ணெய் மாதிரி வழுவழுன்னு தடவ வருவதால்தான் இந்தப் பெயர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாதிரி பீச் விளையும் மாநிலங்களில், கோடையில் பழம் குவியும்போது வீட்டிலேயே காய்ச்சி வைப்பார்கள்.

நன்கு பழுத்த 1 கிலோ மஞ்சள் பீச்சைக் கொதிக்கும் நீரில் 1 நிமிடம் போட்டு, உடனே குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் கையோடு வந்துவிடும். கொட்டையை நீக்கி, நறுக்கி, வேகவைத்து மசியுங்கள். 250 கிராம் சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு சேர்த்து, சின்னத் தீயில் சுமார் ஒரு மணி நேரம் கிளறிக்கிட்டே இருங்க. அடிபிடிச்சா எல்லாம் வேஸ்ட்!

ஏன் இவ்வளவு நேரம்? பீச்சில் கிட்டத்தட்ட 89 சதவீதம் தண்ணீர். அது ஆவியானால்தான் கெட்டியாகும். குளிர்ந்த தட்டில் ஒரு ஸ்பூன் வைத்துப் பாருங்கள். ஓரத்தில் தண்ணீர் பிரியலைன்னா ரெடி.

எலுமிச்சையை மட்டும் விட்டுடாதீங்க. பி.எச். 4.6-க்கு மேலே போனால், மூடிய பாட்டிலுக்குள் பாட்டுலிசம் விஷத்தை உண்டாக்கும் பாக்டீரியா வளர வாய்ப்பு உண்டு. வெள்ளைச் சதை பீச்சில் அமிலம் குறைவு. அது இந்த எல்லையைத் தாண்டலாம். அதனால்தான் மஞ்சள் பீச். செய்ததை ஃப்ரிட்ஜில் வைத்து, இரண்டு வாரத்துக்குள் காலி பண்ணிடுங்க.